பச்சையாக இருந்தால் போதுமா?



"புல்லு முளைச்சா மண்ணு நல்ல மண்ணு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது எப்போதும் சரியா?

பிரிட்டனில் வேல்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே பழைய ஈய, துத்தநாகச் சுரங்கங்களின் கழிவு மண்ணில் மற்ற செடிகள் கருகிப் போகும். சில புற்கள் மட்டும் ஜம்முன்னு வளரும். பிராட்ஷா என்ற விஞ்ஞானி அவற்றை ஆராய்ந்து 1952-ல் கட்டுரை வெளியிட்டார். சாதாரணப் புல் விதையை அந்த மாதிரி மண்ணில் தூவினால் ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் தப்பும். தப்பியவை அந்தத் தாங்கும் குணத்தைத் தம் வாரிசுகளுக்குக் கொடுக்கும். இப்படியே விஷ மண்ணைத் தாங்கும் புல் கூட்டம் உருவாகிறது. பாடத்தில் படிக்கும் இயற்கைத் தேர்வு இதுதான்!

உலோகம் உள்ளே போனால் புல் என்ன செய்யும்? செல்லுக்குள் சில பொருள்கள் அதைக் கட்டிப்போடும். பிறகு நுண்குமிழ் என்ற பைக்குள் அடைத்துப் பூட்டி விடும். நம்ம வெட்டிவேர் குரோமியத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும். இலைக்குக் கொஞ்சம்தான் போகும். ஆங்கிலத்திலும் அதற்குத் தமிழ்ப் பெயர்தான் தெரியுமா? 'வெட்டிவர்' என்பார்கள்.

இதை நான் தேடிப் படிக்கக் காரணம் உண்டு. பாலாற்றங்கரையில் எங்களுக்கு அரை ஏக்கர் நிலம். தோல் பதனிடும் கழிவுநீர் பாய்ந்து நெல் விளையாமல் போச்சு. இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டுவிட்டதாக ஓர் ஆய்வுக் கணக்கை உச்ச நீதிமன்றமே 1996 தீர்ப்பில் எடுத்துச் சொன்னது. இப்போ எங்க நிலத்தில் அருகம்புல் பச்சைப்பசேல்னு நிற்குது. "மண்ணு தேறிடுச்சு, மாட்டை அங்கே கட்டலாம்"னு தாத்தா சொல்றார். அந்த மாட்டுப் பாலைக் குடிப்பது என் தம்பி. "மண்ணைப் பார்த்துட்டுக் கட்டலாம் தாத்தா"ன்னு நான் தடுத்துக்கிட்டிருக்கேன்.

ஏன்னா, புல் விஷத்தைத் தாங்குது, அழிக்கலை. உலோகம் மக்காது. மண்ணிலோ வேரிலோ இலையிலோ எங்கேயாவது இருக்கும். புல் இருப்பது நல்லதுதான், விஷ மண் காற்றில் பறக்காமல், மழையில் கரையாமல் பிடித்து வைக்கும். ஆனால் அது நற்சான்றிதழ் இல்லை.

நண்பர்களே, உங்க வீட்டிலும் இப்படி நிலம் இருந்தால், மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது கன உலோகத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. சாதாரணப் பரிசோதனையில் அது வராது. பச்சை நிறம் கண்ணுக்கு. பரிசோதனை உயிருக்கு!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி