ஒரு மடை, இரண்டு வயல்

குமாரலிங்கபுரத்தில் என் மச்சான் எண்பதுகளில் வந்த பெட்ரோல் அம்பாசடர் ஒன்றை இன்னும் ஓட்டுகிறார். கல்யாணம், ஆஸ்பத்திரி, திருச்சுழிக் கோயில் என்று அது ஓடினால்தான் அக்கா வீட்டில் உலை வைக்க முடியும். சில மாதங்களாக வண்டிக்கு இழுவை இல்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு பக்கம் யோசனை. நகரத்துப் பட்டறை ஒன்று, காற்று போகும் துவாரங்களைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றினால் சரியாகும் என்று பெரிய தொகை சொன்னது. மச்சான் என்னிடம் கேட்டது பணம். எனக்கு முதலில் விஷயம் புரிய வேண்டியிருந்தது.

அருப்புக்கோட்டைப் பட்டறையில் ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார்கள். வார்ப்பிரும்பு. பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனியின் ‘பி’ வரிசை எஞ்சின், 1489 சி.சி., நான்கு சிலிண்டர். ஆனால் காற்று நுழைய இரண்டே துவாரங்கள். ஒன்றும் இரண்டும் ஒன்றைப் பகிர்கின்றன, மூன்றும் நான்கும் மற்றதை. புகை வெளியேற மூன்று, நடுவிலிருப்பது பொது. காற்று வழி, புகை வழி, வால்வைத் தூக்கும் புஷ்ராடு எல்லாம் ஒரே பக்கம் என்பதால் வந்த நெருக்கடி. “ஒரு மடையில ரெண்டு வயல், தம்பி” என்றார் பெரிய மெக்கானிக்.

கண்மாய்ப் பாசனம் தெரிந்தவருக்கு மிச்சத்தை விளக்க வேண்டியதில்லை. எரியும் வரிசை 1-3-4-2. இரண்டாவது சிலிண்டர் மூச்சு வாங்கி முடிக்குமுன் ஒன்றாவது வாங்கத் தொடங்குகிறது; மூன்றாவதற்கு நான்காவது அதையே செய்கிறது. நடுவிலுள்ளவை சும்மா கிடக்கும் காற்றைக் கிளப்புகின்றன. கிளம்பியதில் ஓரத்தவை பங்கு எடுத்துக்கொள்கின்றன. வாங்குவது என்பதும் சரியான சொல் இல்லை. பிஸ்டன் இறங்கி இடம் தருகிறது. வெளியிலிருக்கும் வளிமண்டலம் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்றில், ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 தடவை.

இதில் மெருகுக்கு என்ன வேலை? வார்ப்பின் சிறு சொரசொரப்பு காற்றை அதிகம் தடுப்பதில்லை. வால்வுக்குச் சற்றுக் கீழே துவாரம் திரும்புகிறதே, அங்கேதான் காற்று சுவரை விட்டு விலகித் தடுமாறுகிறது. கேஸ்கட் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே. ஹாரி வெஸ்லேக் என்ற ஆங்கிலேயர் இந்த எஞ்சினுக்குத் தந்த இருதய வடிவ எரியறையில், இரண்டு வால்வுக்கும் நடுவே ஒரு மேடு நீள்கிறது. பளபளப்பு அதன் குணமல்ல, கலவையைச் சுழலவிடுவதுதான்.

உண்மையான நோய் வேறிடத்தில் இருந்தது. இந்த ஹெட்டில் வால்வு உட்காரும் சீட் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டது. பெட்ரோலில் இருந்த ஈயம் அதற்கு ஒரு மெத்தை. ஈயப் பெட்ரோல் இந்தியாவில் 2000-இல் நின்றது. அதன்பின் புகை வால்வுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுக்குள் இறங்குகின்றன. இடைவெளி குறைந்து, மூட வேண்டிய நேரத்தில் சரியாக மூடுவதில்லை. கடினமான சீட் வளையங்களைப் பொருத்தினார்கள். துவாரங்களைத் தொடவில்லை. கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை.

நடு சிலிண்டர்கள் இனியும் பங்கு கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். அது இந்த அமைப்பின் விதி. மெருகு போட்டு அதை மாற்ற முடியாது. நம்மிடையே மொழியின் மெருகைப் பற்றி நிறையப் பேச்சு நடக்கிறது. மெருகு குறைந்தது என்று சில கவிஞர்களை எடைக்குப் போட்டாயிற்று. இடப் பற்றாக்குறை ஒருவன் வடிவத்தை எப்படி வளைத்தது, அந்த வளைவில் மூச்சு நின்றதா, போயிற்றா என்று கேட்டவர்கள் குறைவு.

மதிப்புரைக்கு வந்த தொகுப்பு ஒன்று என் மேஜையில் இருக்கிறது. சொரசொரப்பான வரிகள். அவை திரும்பும் இடங்களில் மட்டும் பென்சிலால் குறி வைத்துக்கொண்டு வருகிறேன்.