ஹார்ட் டிஸ்க்குக்கும் கோல்டன் ஹவர் உண்டு

இன்னைக்கு சுகர் இல்லை, பிரஷர் இல்லை, கொலஸ்ட்ரால் இல்லை. ஹார்ட் டிஸ்க்.

பத்து வருஷம் ஆன லேப்டாப் ஒண்ணு பல வீட்டில் இருக்கும். ஆன் பண்ணினா திரை வரவே கால் மணி நேரம். ஒரு ஃபோல்டரைத் திறந்தா அப்படியே உறைஞ்சு நிக்கும். ஒரு நாள் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் டிஸ்க் எர்ரர்னு போட்டுட்டு அதுக்கு மேல நகராது.

அதுக்கப்புறம் நடக்கிறது ரெண்டுல ஒண்ணு. லேப்டாப் பரணுக்குப் போகும். இல்லைன்னா கடைக்குப் போய், ஃபார்மேட் ஆகி, உள்ளே இருந்த எல்லாத்தையும் தொலைச்சுட்டுத் திரும்பும்.

இந்த ரெண்டுக்கும் முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

எங்க கிளினிக்கில் 2018-லிருந்து வேலை பார்க்கிற சிஸ்டர் ஒருத்தர். 2014-இல் நர்சிங் சேர்ந்தப்ப அவங்க அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்த லேப்டாப். அப்பா டீக்கடை வச்சிருந்தவர். 2021 மே மாசம், கோவிட் ரெண்டாவது அலையில் போயிட்டார்.

போன் மெமரி நிறையும்போதெல்லாம் போட்டோக்களை லேப்டாப்பில் ஏத்திட்டு போனில் அழிச்சிடுறது நம்ம எல்லார் வீட்டுப் பழக்கம்தானே. அவங்க வீட்டிலும் அப்படித்தான். அந்தப் பழைய போன்கள் எல்லாம் எக்ஸ்சேஞ்சில் போயாச்சு. அப்பா இருக்கிற படங்கள் முழுக்க அந்த ஒரே டிஸ்க்கில்.

2024 கடைசியில் அது படுத்துடுச்சு.

முதல் கடையில், "ஹார்ட் டிஸ்க் போச்சுங்க. புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தர்றோம். டேட்டா வராது. பழைய டிஸ்க்கை நாங்களே வச்சுக்கிறோம்"னு சொல்லியிருக்காங்க. ரெண்டாவது கடையில், "இதுக்கெல்லாம் செலவு பண்ணாதீங்க, புதுசு 45 ஆயிரத்துக்கு வருது". அவங்க சம்பளத்துக்கு 45 ஆயிரம் என்ன மாதிரி தொகைன்னு எனக்குத் தெரியும், கொடுக்கிறவனே நான்தான்.

நல்லவேளை, ரெண்டு கடையிலும் கொடுக்காம பையில் திரும்ப எடுத்துட்டு வந்துட்டாங்க. "சார், நீங்க இதெல்லாம் பிரிச்சுப் பார்ப்பீங்களாமே"ன்னு மத்தியான ஓபி முடிஞ்சதும் கேட்டாங்க. எம்.பி.பி.எஸ் ஹாஸ்டலில் கம்ப்யூட்டரைப் பிரிச்சு மாட்டுறதுதான் நமக்குப் பொழுதுபோக்கு. விட்டுப் போகலை.

"சிஸ்டர், இதை இனிமே ஆன் பண்ணாதீங்க. வீட்டிலும் யாரையும் பண்ண விடாதீங்க"ன்னு மட்டும் முதலில் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஹார்ட் டிஸ்க்குக்குள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு வட்டத் தட்டு இருக்கும். லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று, அதாவது ஒரு செகண்டுக்கு 90 சுற்று. அந்தத் தட்டுக்கு மேல, அதைத் தொடாம, ஒரு சின்ன தலை மிதந்துக்கிட்டே படிக்கும், எழுதும். மிதக்கிற உயரம் சில நானோமீட்டர். நம்ம ரத்தத்தின் சிவப்பணு ஒண்ணு குறுக்கே 7 மைக்ரான், அதாவது 7000 நானோமீட்டர். அந்த இடைவெளியில் ஒரு சிவப்பணு மாட்டினா அது அந்தத் தலைக்குப் பாறாங்கல்.

இப்படிப்பட்ட ஒரு பொருள் பத்து வருஷம் பையிலும் மடியிலும் கட்டிலிலும் ஓடியிருக்கு. எனக்கு ஆச்சரியம் அது கெட்டதில் இல்லை, இத்தனை நாள் ஓடியதில்தான்.

தட்டில் ஒரு இடம் படிக்க முடியாம போனா டிஸ்க் சும்மா விட்டுடாது. அதே இடத்தை மறுபடி மறுபடி படிச்சுப் பார்க்கும். அதனாலதான் லேப்டாப் உறைஞ்சு நிக்குது. ஒவ்வொரு முறை ஆன் பண்றப்பவும் விண்டோஸ் தன் பங்குக்கு ரிப்பேர் பண்ணிப் பார்க்குது. செக் டிஸ்க்னு ஒண்ணு ஓடும், பார்த்திருப்பீங்க. ஆரோக்கியமான டிஸ்க்குக்கு அது நல்லது. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் அதை ஓட்டுறது, மூச்சுத் திணறலோட வந்தவரை ட்ரெட்மில்லில் ஏத்தி விடுற மாதிரி. அது எழுதவும் செய்யும். இருந்ததும் கலைஞ்சு போக வாய்ப்பிருக்கு.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம். டிஸ்க் மெதுவா இருக்கு, உறையுது, ஆனா சத்தம் சாதாரணமா இருக்குன்னா வீட்டிலேயே முயற்சி பண்ணலாம். டக் டக்னு சீரா தட்டுற சத்தமோ, உரசுற சத்தமோ கேட்டா உடனே பவரை நிறுத்திடுங்க. அது தலையே பழுதானதுக்கு அறிகுறி. அந்த டிஸ்க்கைத் திறக்க தூசி இல்லாத தனி அறை வேணும், பயிற்சி பெற்ற ஆள் வேணும். அது தியேட்டர் கேஸ். ஓபியில் கை வைக்கக் கூடாது. செலவும் அதிகம்தான். அந்தப் படங்களோட மதிப்பு என்னன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

ஹார்ட் டிஸ்க்கை ஃப்ரீசரில் வச்சு எடுத்தா ஓடும்னு ஒரு வைத்தியம் வருஷக்கணக்கா சுத்துது. தீக்காயத்துக்கு டூத்பேஸ்ட் தடவுற குடும்பத்தைச் சேர்ந்தது அது. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். அந்த சிவப்பணு கணக்கை ஞாபகம் வச்சுக்கிட்டு, ஒரு துளி தண்ணீர் என்ன பண்ணும்னு நீங்களே யோசிங்க.

சிஸ்டரோட டிஸ்க்கில் தட்டுற சத்தம் இல்லை. கழட்டி என் கம்ப்யூட்டரில் மாட்டி, ஸ்மார்ட் ரிப்போர்ட் மட்டும் பார்த்தேன். ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன்னைப் பத்தித் தானே எழுதி வச்சுக்கிற மெடிக்கல் ரெக்கார்ட். அதில் 5, 197, 198-ன்னு மூணு எண்கள் முக்கியம். மாத்தி ஒதுக்கிய இடங்கள், படிக்க முடியாம காத்திருக்கிற இடங்கள், முயற்சி பண்ணியும் திருத்த முடியாத இடங்கள். மூணும் பூஜ்யமா இருக்கணும். இதில் மூணிலும் எண் ஏறியிருந்துச்சு.

இது சாதாரண விஷயம் இல்லை. கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனிச்சு 2007-இல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தானாகப் பரிசோதிக்கும்போது முதல் பிழை தெரிஞ்ச டிஸ்க், பிழை இல்லாத டிஸ்க்கை விட அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு. அதே ஆய்வு இன்னொண்ணும் சொல்லுது. செயலிழந்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல் இந்த மாதிரி எந்தப் பிழை எண்ணையும் காட்டாமலே போயிருக்கு. முதல் இசிஜி நார்மல்னு வந்துட்டா மாரடைப்பு இல்லைன்னு அர்த்தம் இல்லைன்னு நாங்க அடிக்கடி சொல்வோமே, அதே கதை. ரிப்போர்ட் கெட்டா நம்பலாம், நல்லா இருந்தா முழுசா நம்ப முடியாது.

சரி, படங்களை எப்படி எடுக்கிறது?

காப்பி பேஸ்ட் வேண்டாம். பத்தாவது படத்தில் ஒரு கெட்ட இடம் வந்தா அங்கேயே முட்டிக்கிட்டு நிக்கும். பின்னாடி இருக்கிற ஐயாயிரம் நல்ல படங்களும் வரிசையில் காத்துக்கிட்டே இருக்கும். டிஸ்க் அதுக்குள்ள செத்துடலாம்.

பெரிய விபத்து நடந்து ஒரே நேரத்தில் முப்பது பேரைக் கொண்டு வந்தா கேஷுவாலிட்டியில் என்ன பண்ணுவோம்? ட்ரையாஜ். ஒருத்தர்கிட்டயே ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டு, காப்பாத்தக்கூடிய மத்தவங்களை விட்டுட மாட்டோம்.

இதையே ஹார்ட் டிஸ்க்குக்குச் செய்ற ஒரு இலவச மென்பொருள் இருக்கு. பேர் டிடி ரெஸ்க்யூ. லினக்ஸில் ஓடும். சுலபமா படிக்க வர்ற பகுதியை முதலில் அள்ளிடும். கெட்ட இடம் வந்தா முட்டி நிக்காம தாண்டிக் குதிச்சுப் போயிடும். எல்லாம் முடிஞ்ச பிறகு திரும்பி வந்து, விட்ட இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமா சுரண்டும். எது வந்துச்சு, எது வரலைன்னு ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கிட்டே போகும். நம்ம கேஸ் ஷீட் மாதிரி. நடுவில் நிறுத்தி டிஸ்க்கை ஆற விட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கெட்ட டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாது, அதிலிருந்து படிக்க மட்டும்தான் செய்யும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எது மூலம், எது நகல்னு மாத்திக் கொடுத்தா நல்லதையும் சேர்த்து அழிச்சிடும். ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி குரூப்பை ரெண்டு பேர் சரிபார்க்கிற மாதிரி, என்டர் தட்டுறதுக்கு முன்னாடி இன்னொருத்தரை வச்சுப் படிச்சுப் பாருங்க. எனக்கு சிஸ்டரே படிச்சுச் சொன்னாங்க.

500 ஜிபி டிஸ்க். முதல் மூணு மணி நேரத்தில் 98 சதவீதம் வெளியே தனி டிஸ்க்குக்கு வந்துடுச்சு. மிச்ச 2 சதவீதத்துக்கு ஒன்றரை நாள். நடுவில் மூணு முறை நிறுத்தி ஆற விட்டேன். கடைசியில் வராமலே போனது 38 எம்பி.

38 எம்பி, 500 ஜிபியில் ஒண்ணுமே இல்லைன்னு தோணும். அது எந்த 38 எம்பி என்பதுதான் கேள்வி. திறந்து பார்த்ததில் 11 படங்களில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். ஒரு வீடியோ, நர்சிங் முதல் வருஷ விளக்கேற்றும் விழாவில் அப்பா வந்து உட்கார்ந்திருக்கிறது. 40 செகண்ட் ஓடி நின்னுடுது. அதுக்குள்ள அவர் ஒரு தடவை கேமரா பக்கம் திரும்பி ஏதோ சொல்றார்.

"இது போதும் சார்"னாங்க. நான் இன்னொரு முறை சுரண்டிப் பார்க்கலாமான்னு கேட்டதுக்கு வேண்டாம்னுட்டாங்க.

இனி லேப்டாப். உண்மையைச் சொன்னா இதுதான் ரொம்ப சுலபமான பகுதி.

500 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு அப்போ ஏறக்குறைய 3000 ரூபாய். இப்போ விலை மாறியிருக்கும், விசாரிச்சுக்குங்க. சார்ஜரைக் கழட்டு, பேட்டரியைக் கழட்டு, பவர் பட்டனைச் சில செகண்ட் அழுத்திப் பிடி. அடியில் மூடி, ரெண்டு ஸ்க்ரூ. உள்ளே டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும், பக்கவாட்டில் இழுத்தா வந்துடும். சட்டத்தைக் கழட்டிப் புதுசில் மாட்டி, அதே இடத்தில் தள்ளினா முடிஞ்சுது. ஸ்க்ரூவெல்லாம் கிட்னி ட்ரேயில், கீழே விழுந்த ஒண்ணை எடுக்க ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். இருபது நிமிஷம்.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க லேப்டாப்புக்கு எந்த வகைன்னு பாருங்க. பழசில் பெரும்பாலும் 2.5 இன்ச் சாட்டா. கொஞ்சம் புதுசில் சூயிங்கம் பட்டை மாதிரி எம்.2. சிலதில் போர்டோட பற்ற வச்சிருப்பாங்க, மாத்தவே முடியாது.

அந்தப் பழைய டிஸ்க்கை அப்படியே புதுசில் நகல் எடுத்து ஓட்டலாமான்னு கேட்பீங்க. நான் செய்றதில்லை. விண்டோஸோட எந்த ஃபைல் கெட்டிருக்குன்னு யாருக்கும் தெரியாது. புதுசா நிறுவிட்டு, படங்களையும் ஆவணங்களையும் மட்டும் கொண்டு வர்றதுதான் சுத்தம். லேப்டாப்போட வந்த விண்டோஸ் உரிமம் பொதுவா போர்டோட சேர்ந்தது. டிஸ்க் மாறினதுக்காகத் திரும்ப வாங்கணும்னு யாராவது சொன்னா, முதலில் நிறுவிப் பாருங்க, அதுவே ஏத்துக்கும்.

கால் மணி நேரம் எடுத்த லேப்டாப் அரை நிமிஷத்தில் எழுந்துச்சு. காரணம் மந்திரம் இல்லை. எஸ்எஸ்டியில் சுத்துற தட்டும் கிடையாது, மிதக்கிற தலையும் கிடையாது. தலை ஓடிப் போய், தட்டு சுத்தி வர்ற வரைக்கும் காத்திருக்கிற நேரம் அப்படியே மிச்சம்.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்னுடுச்சு. இவ்வளவு பழைய லேப்டாப்பில் முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது. அதனால சிஸ்டருக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன், இலவசம். அவங்க பொண்ணு ரெண்டே நாளில் பழகிடுச்சு. சிஸ்டர்தான் இன்னும் "ஸ்டார்ட் பட்டன் எங்கே சார்"னு கேட்கிறாங்க.

எஸ்எஸ்டியும் சாகும். அது சாகும்போது பல சமயம் மெதுவாகி எச்சரிக்கக்கூட செய்யாது, ஒரு காலையில் டிஸ்க்கே இல்லைன்னு சொல்லும். மாசக்கணக்கில் கரண்ட் இல்லாம பீரோவில் வச்சுப் பாதுகாக்கவும் அது ஏத்தது இல்லை. அதனால படங்களோட ஒரு நகல் வெளி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொண்ணு வேற ஊரில். சிஸ்டரோட ரெண்டாவது நகல் திருப்பூரில் அவங்க தம்பி வீட்டில் இருக்கு.

பழைய டிஸ்க்கை என்ன செய்றதுன்னா, கடையில் அப்படியே விட்டுட்டு வராதீங்க. கெட்டதுன்னு சொன்ன அந்த டிஸ்க்கிலிருந்துதான் ஆயிரக்கணக்கான படம் எடுத்தோம், அடுத்தவங்களும் எடுக்கலாம். உங்க ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன், வீட்டுப் படம் எல்லாம் அதில் இருக்கும். உடைச்சுட்டு மின்கழிவு வாங்குறவங்ககிட்ட கொடுங்க. ஆனா 2.5 இன்ச் டிஸ்க் பலதில் தட்டு உலோகம் இல்லை, கண்ணாடி. சுத்தியலால் அடிச்சா தூள் தூளா தெறிக்கும். ஒரு கெட்டித் துணியில் சுத்தி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு அடிங்க, குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். கண்ணில் துகள் பட்டுடுச்சுன்னா கசக்காதீங்க, நேரா கண் மருத்துவர்கிட்ட போயிடுங்க.