வில்லடிக்கும் கையும் பாடும் வாயும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்து உலகுக்கு வழங்கிய இசை ஜாஸ். அதில் டிரம் வாசிப்பவர் பெரும்பாலும் பின்னால் அமர்ந்திருப்பார். பாடுபவர் முன்னால் நிற்பார். இரண்டு வேலைகளிலும் பெயர் பெற்றவர்கள் சிலரே. அவர்களில் ஒருவர் கிரேடி டேட். 1932இல் வட கரோலினா மாநிலத்து டர்ஹாம் நகரில் பிறந்தவர். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு போன்ற பெரும் பாடகர்களுக்கு டிரம் வாசித்தார், பின்னர் தாமே பாடி இசைத்தட்டுகள் வெளியிட்டார், 2017இல் மறைந்தார். 1970களில் தொலைக்காட்சி வழியே அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்த குரலும் அவருடையதுதான். (எனக்கு அந்த வாய்ப்பாடு பிரம்பின் துணையோடு வந்து சேர்ந்தது!)

அவரைப் பற்றிப் படித்தபோது ஒன்று மட்டும் எனக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. நாஞ்சில் நாட்டில் பிறந்தவனுக்கு, தாளம் அடிப்பவரே பாடுவதில் என்ன புதுமை இருக்க முடியும்? எங்கள் ஊர் அம்மன் கொடைகளில் காலங்காலமாக நடப்பது அதுதானே!

வில்லுப்பாட்டைத் தெரியாதவர் நம் கல்லூரியில் இருக்க மாட்டார்கள். ஆனால் அருகில் அமர்ந்து கவனித்தவர் எத்தனை பேர்? பத்தடிக்கு மேல் நீளமுள்ள வில். மேலே விறைப்பாகக் கட்டிய தோல் நாண். வில்லில் வரிசையாகத் தொங்கும் வெண்கல மணிகள். வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடம் ஒன்று. நடுவில் அமரும் புலவர் இரு கைகளிலும் வீசுகோல் பிடித்து நாணில் அடிப்பார். நாண் அதிர, மணிகள் குலுங்க, அந்த அடியின் மேலேயே அவர் கதையைப் பாடுவார். உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் உடன் வரும். வலத்தே இருப்பவர் ஒத்துப் பாட, இடத்தே இருப்பவர் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார். இயற்பியல் பாடத்தில் இழுவிசையையும் அதிர்வெண்ணையும் பற்றிப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது சோனாமீட்டர் அன்று. அந்தத் தோல் நாண்தான்.

பாடுபவர் ஏன் தாமே அடிக்க வேண்டும்? வேறொருவரிடம் கோலைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் பாடலாமே? இதற்கு விடை நள்ளிரவில் குடியழைப்பு நேரத்தில் கிடைக்கும். முன்னிரவில் நகைச்சுவையும் கிளைக்கதையுமாக நிதானமாக நடந்த பாட்டு அப்போது வேகம் எடுக்கும். எதிரே கோமரத்தாடியின் உடல் நடுங்கத் தொடங்கும். புலவரின் கண் ஏட்டிலோ கூட்டத்திலோ இராது. அவருடைய கால்களின் மேலேயே இருக்கும். கால் தரையில் விழும் கணத்தில் கோல் நாணில் விழ வேண்டும். சொல் நீளமானால் அடி காத்திருக்கும். அடி முந்தினால் சொல் சுருங்கும். இதை இருவர் கலந்துபேசி முடிவு செய்ய நேரம் ஏது? ஒரே உடம்புக்குள் முடிய வேண்டிய காரியம் அது. மேடையில் நேரம் குறித்து நடக்கும் வில்லுப்பாட்டில் இதை நான் கண்டதில்லை.

மேடை வில்லுப்பாட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் தொடங்கித்தான் நாடகத்துக்கும் திரைக்கும் போனார். நெல்லைச் சீமையிலிருந்து சென்னைக்கு அவர் அழைத்துச் சென்ற சுப்பு ஆறுமுகம், காந்தியடிகளின் கதையையும் வில்லில் ஏற்றினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022இல் மறைந்தார். இவர்கள் இல்லையேல் தாமிரபரணிக்கு வடக்கே வில்லுக்கு இத்தனை பெயர் ஏது?

ஆயினும் என் மனம் கொட்டாரத்துக்கு அருகே சரவணந்தேரியில் வாழ்ந்த பூங்கனி அம்மாளிடமே போகிறது. சிறுமியாக இருந்தபோதே வில்லின் முன் அமர்ந்தவர். பெண் ஒருத்தி இரவெல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சுடலைமாடன் கதையும் இசக்கியம்மன் கதையும் பாடுவது அக்காலத்தில் எளிதா? அவர் மணந்தது ஒரு குடக் கலைஞரை. மனைவி வில்லடித்துப் பாட, கணவர் குடம் அடிக்க, கொடைகள் பல நடந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு பாடியவர், கடைசிக் காலத்தில் வறுமையில் தனியே வாழ்ந்து, எண்பது வயதைக் கடந்து 2018 நவம்பரில் மறைந்தார். மறைவுக்குச் சற்று முன்புதான் செய்தித்தாள்கள் அவரைக் கண்டுபிடித்தன. கொடையில் கேட்டவர்களுக்கு அவர் என்றும் தொலைந்துபோனவர் அல்லர்.

என் தந்தையும் குடம் அடிப்பவரே. பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் குடம். மற்ற மாதங்களில் கொத்தனாருக்குக் கையாள் வேலை. ஒரு கையால் குடத்தின் வாயில் மட்டையை அடித்து அடித்து அவரது வலத்தோள் சற்றே இறங்கியிருக்கும். “மக்களே, குடத்தை நான் அடிக்கேன், நீ புத்தகத்தைப் பிடி” என்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கொடைக்குப் பணம் பிரிக்கும்போது இன்னிசைக் கச்சேரிக்கு முதலில் தொகை ஒதுக்கி, மிஞ்சியதை வில்லுக்குத் தருகிறார்கள் என்பதை அவர் அறிவார். நானும் அறிவேன். ஆகவே அவர் சொல்வதில் எனக்குக் கோபம் இல்லை.

இருந்தும் விடுமுறை நாள்களில் எங்கள் குழுவின் புலவர் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. தோட்டுக்காரி அம்மன் கதையை அவர் சொல்லச் சொல்ல இதுவரை இரண்டு நோட்டுப் புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஒன்று தெரிந்தது: கையில் கோல் இல்லாவிட்டால் அவருக்கு அடுத்த அடி வருவதில்லை! தொடையில் தட்டிப் பார்ப்பார், வராது. இரண்டு குச்சிகளை எடுத்துக் கொடுத்தால், திண்ணையில் தட்டிக்கொண்டே இருபது அடிகளை மூச்சுவிடாமல் சொல்வார். பாட்டு அவர் நினைவில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா? எந்த ஆசிரியரிடம் இதைக் கேட்பது?

எங்கள் குழுவில் இடத்தே பாடியவர் சென்ற ஆண்டு கேரளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். வரும் பங்குனிக் கொடைக்கு அந்த இடத்தில் என்னை உட்காரச் சொல்லிப் புலவர் தந்தையிடம் கேட்டிருக்கிறார். தந்தை இன்னும் பதில் சொல்லவில்லை; குடத்துக்குப் புதிய மட்டை வெட்டிக் காயவைத்துக்கொண்டிருக்கிறார். அதே வாரத்தில்தான் எங்களுக்குச் செய்முறைத் தேர்வு.