டம்ளரை யார் கழுவறது?

சுரண்டை மார்க்கெட்டில் ஒரு காய்கறி கமிஷன் கடையில் நான் கணக்குப்பிள்ளை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. உள்ளே பூசின பிளாஸ்டிக் மக்காது என்பதுதான் காரணம். எங்கள் கடைக்கு அந்தச் சேதி வந்து சேர ரொம்ப நாளாச்சு!

ஒருநாள் முதலாளி அண்ணாச்சி, "இனிமே கப் கிடையாது. சுற்றுச்சூழலைக் காப்பாத்தணும்லா?" என்று ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார். கைதட்டினோம்.

பதினோரு பேர், தினம் மூணு டீ. ஆக முப்பத்துமூணு தடவை கழுவணும். கழுவினது? கடை பெருக்க வரும் ஆச்சி. கூலி மட்டும் பழைய கூலிதான். கப் செலவு நின்று மிச்சமான காசு எங்கே போகிறது என்று கணக்கெழுதுகிற எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை.

பத்தாம் நாள் ஆச்சியே கேட்டுவிட்டார்: "சுத்துச்சூழல்னு சொல்லுதியளே மொதலாளி, அதுல நான் கெடையாதா?"

அண்ணாச்சி பதில் பேசவில்லை. டீயைக் குடித்து முடித்தார். எழுந்து போய், தன் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தார். அதற்கப்புறம் நாங்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? அந்த வாரமே கப் காசும் ஆச்சி கூலியில் சேர்ந்தது. அந்த வரியைச் சந்தோஷமாக எழுதினேன்.

பெரிய கம்பெனிகளில் இதற்கு 'கிரீன் ஹெச்.ஆர்.' என்று பெயராம். சின்னக் கடைக்கு ரெண்டு கேள்வி போதும்: கூடுதல் வேலை யார் தலையில்? மிச்சக் காசு யார் பையில்?

உங்கள் ஆபீஸிலும் கேட்டுப் பாருங்கள் சார். முதலில் உங்கள் டம்ளரைக் கழுவிவிட்டு!