முகத்துவாரம் திறக்கும் நாளில்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதப் புகுவோர் பாடும் மீனில் தொடங்கிப் பூரணை நிலவில் முடிப்பதே வழக்கம். கோடையிற் சென்றிருப்பின் நாமும் அவ்வாறே எழுதியிருப்போம். நாம் சென்றதோ மார்கழி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலைப்பொழுது. கல்லடிப் பாலத்தின் கீழே வாவி கலங்கிய செந்நீராய், கரை ததும்ப நின்றது. தேநீர்க்கடையிலும் பேருந்திலும் ஒரே பேச்சு: “முகத்துவாரம் இன்றைக்கு வெட்டுவார்களாமே!”

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு நம் முன்னோர் இட்ட பெயர்கள் இவை. வாவி கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டு. ஒன்று நகருக்கு வடக்கே பாலமீன்மடுவில். மற்றது தெற்கே பெரியகல்லாற்றுப் பக்கத்தில். மழையற்ற மாதங்களில் அலைகள் மணலை வாரிக் கொணர்ந்து இவ்வாய்களை அடைத்துவிடும். பின்னர் மாரி பிறந்து, மேற்கிலிருந்து ஆறுகள் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது, நீர் வெளியேற வழியின்றி வயலுக்குள் ஏறும். 2011 சனவரி வெள்ளத்தைக் கண்டவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே மணல்மேட்டை வெட்டவேண்டும். எப்போது வெட்டுவது என்பதிலேதான் வழக்கு. பெரும்போகப் பயிர் நீருள் அழுகுகிறதே என்று படுவான்கரை உழவர் விரைவுபடுத்துவர். இளம் இறாலும் மீனும் நீரோடு கடலுக்குப் போய்விட்டால் ஆண்டு முழுதும் எதைப் பிடிப்பது என்று வாவி மீனவர் பொறுக்கச் சொல்வர். இரு பக்கத்தையும் கேட்டு முடிவு செய்யும் பொறுப்பு அதிகாரிகளுடையது. நாம் விருந்தினர், தீர்ப்புக் கூற வரவில்லை. ஆயினும் அன்று நாம் உண்ட சோறு படுவான்கரையினது, குழம்பில் மிதந்த இறால் வாவியினது என்பது நினைவை விட்டு அகலவில்லை.

1913ஆம் ஆண்டில் எழுந்த வெளிச்சவீட்டைக் கடந்து மணற்றிட்டை அடைந்தோம். முற்காலத்தில் மண்வெட்டியால் செய்த வேலையை இப்போது ‘பெக்கோ’ இயந்திரம் செய்கிறது. அதுவும் ஒரு வாய்க்காலளவே வெட்டிவிட்டு விலகிக்கொண்டது. மற்றதை நீரே பார்த்துக்கொண்டது. முதலில் ஒரு சிறுவன் தாண்டக்கூடிய ஓடைதான். சற்று நேரத்தில் அது இரைச்சலோடு அகன்றது. இரு கரையும் சுவர்போல் செங்குத்தாய் நின்றன. அருகே சென்று பார்க்க அடியெடுத்தோம். பின்னாலிருந்து முதியவர் ஒருவரின் குரல் தடுத்தது.

“ஓரத்துக்குப் போகாதிங்க தம்பி! இப்ப கல்லுப்போலதான் நிக்கும். மறுகா பாருங்க.”

அவர் சொல்லி முடித்த சிறு பொழுதில், நாம் நிற்க எண்ணிய இடம் ஒரு வண்டிச் சுமை அளவு மணலோடு பெயர்ந்து நீரில் வீழ்ந்து மறைந்தது. ஈரமணலின் துகள்களை இடையிலுள்ள நீர் பற்றி நிறுத்துவதால் அது சுவராய் நிற்கிறது. அடியை வெள்ளம் அரித்ததும் மொத்தமாய்ச் சரிகிறது. மேலே ஒரு மெல்லிய வெடிப்புத்தான் முன்னறிவிப்பு. அதுவும் எப்போதும் தெரிவதில்லை.

இமயத்திலும் ஆல்ப்சிலும் வேனில் தொடங்கும் வேளையில் பனிச்சரிவுகள் நிகழ்வதை மாணவர்கள் படித்திருப்பர். அங்கும் இதே சூழ்ச்சிதான். இரவில் உறைந்து உறுதியாயிருக்கும் பனி, வெயில் ஏறியதும் உருகுநீரால் பிடிப்பிழந்து சரிகிறது. அதனால் அம்மலைகளில் செல்வோர் விடியுமுன் புறப்பட்டு, வெயில் முற்றுமுன் சரிவை விட்டகல்வர். ஐயமான இடத்தை ஒருவர்பின் ஒருவராகவே கடப்பர்.

பனியையே காணாத நம் முதியவரும் விடியற்காலையையே நம்புகிறார். மாரியில் தோணி விடுவதாயின் வாடைக்காற்று வலுக்குமுன் அக்கரை சேரவேண்டுமாம். வாவி ஆழமற்றது, ஆகவே காற்று எழுந்ததும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பித் தோணிக்குள் நீரை வாரி இறைக்கும். நடுவில் எழுந்து நிற்கலாகாது. முகத்துவாரம் திறந்த நாட்களில் அப்பக்கம் தோணியும் வேண்டாம், குளிப்பும் வேண்டாம். வெளியேறும் நீர் கடலலையோடு மோதும் இடத்தில் நீந்தத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றுதான் என்றார்.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் மக்களையும் வண்டிகளையும் ஏற்றியிறக்கியது ‘பாதை’ என இங்கு வழங்கும் படகே. காற்று மிகுந்தால் அது நின்றுவிடும். அவசரக்காரர் முணுமுணுப்பர், படகோட்டியோ அசையமாட்டார். அம்மாதிரி நாளொன்றில் முணுமுணுத்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மாலையில் கல்லடிக்கு மீண்டபோது பாலத்தூணில் ஈரக்கோடு நீர்மட்டத்திற்கு விரலளவு மேலே தெரிந்தது. அதைக் கண்ட உழவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி முகமலர்ந்தார். கீழே, தோணியருகே, இளைஞர் ஒருவர் வலையை உதறி மடித்துக்கொண்டிருந்தார். அவர் தூணை நிமிர்ந்து பார்க்கவில்லை.