கூண்டைத் திறந்தது யார்?

லண்டனில் பச்சைக்கிளியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டாவது நிமிடத்தில் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வந்துவிடுவார். 1968-ல் அவர் கார்னபி தெருவில் ஒரு ஜோடிக் கிளிகளுக்கு ஆடம், ஈவ் என்று பெயர் வைத்துப் பறக்கவிட்டாராம். இன்று நகரம் முழுக்கக் கத்திக்கொண்டு திரிபவை எல்லாம் அந்த இரண்டின் சந்ததிதானாம். கியூ தாவரவியல் தோட்டத்தின் ஆர்க்கிட் திருவிழா வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்மணியும் இதையே சொன்னார், பக்கத்தில் நின்று பார்த்தவரைப் போல.

திருவிழா பிப்ரவரியில் தொடங்கும். லண்டன்வாசிகளுக்கு வெயில் என்பதே மறந்துபோயிருக்கும் மாதம் அது. வேல்ஸ் இளவரசி கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்குக் கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிடும். பாலைவனத்திலிருந்து மழைக்காடு வரை பத்து விதத் தட்பவெப்பங்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறார்கள். அலங்காரத்துக்காகக் குவித்திருக்கும் ஃபெலனாப்சிஸ் கலப்பினங்களை நான் அதிகம் பார்ப்பதில்லை. பண்ணையில் ஆயிரக்கணக்கில் வளர்ந்து வருபவை அவை. கல்யாண மண்டபத்து வாசலிலும் பார்க்கலாம். தோட்டத்தின் நிரந்தரச் சேகரிப்பில் இருக்கும் செடிகள் வேறு ரகம். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு சீட்டு: பெயர், குடும்பம், சொந்த நிலம், பதிவு எண். அந்த எண்ணை வைத்துப் பேரேட்டைப் புரட்டினால் செடி கியூவுக்கு எந்த ஆண்டு வந்தது என்று தெரிந்துவிடும்.

நீல வாண்டாவுக்கு முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நிற்பேன். வடகிழக்கு இந்தியாவின் காசி மலைகளில் வில்லியம் கிரிஃபித் 1837-ல் கண்டெடுத்த ஆர்க்கிட் அது. 1850-ல் அதே மலைகளுக்குப் போன ஜோசஃப் ஹூக்கர், பிற்பாடு கியூவின் இயக்குநரானவர், ஏழு ஆள் சுமை வாண்டாவைப் பறித்துக் கியூவுக்கு அனுப்பினார். உயிரோடு வந்து சேர்ந்தவை சொற்பம். கூடவே தன் தோட்டக்காரரை அனுப்பியிருந்த ஒரு கனவானின் ஒற்றைச் சுமை லண்டனில் 300 பவுனுக்கு விலைபோனது. இதையெல்லாம் ஹூக்கரே தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். ஒருவர் முனைந்தால் ஒரு பருவத்தில் எத்தனை ஆயிரம் பவுன் தேற்றலாம் என்ற கணக்கையும் அவர் விட்டுவைக்கவில்லை. செத்துப்போன செடிக்குக்கூடக் கணக்கு இருக்கிறது.

கூடத்தை விட்டு வெளியே வந்தால், இலையில்லாத மரத்தில் முப்பது நாற்பது கிளிகள் மொட்டுகளைக் கொத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்குச் சீட்டு கிடையாது.

அன்று என்னோடு வந்திருந்த அத்தை தஞ்சாவூர்ப் பக்கம். குளிருக்குச் சால்வைக்கு மேல் சால்வை போட்டிருந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது நம்ம ஊர்க் கிளியேதான்டா. இந்தக் குளிர்ல எப்படிடா கெடக்குது?” என்றார். ஹெண்ட்ரிக்ஸ் கதையைச் சொன்னேன். “பாட்டுக்காரர் விட்டாரு சரி, அவருக்கு யாரு குடுத்தா?” என்று கேட்டார். நான் அதுவரை யோசிக்காத கேள்வி. வீடு திரும்பியதும் தேட ஆரம்பித்தேன்.

முதலில் தெரிந்தது, ஹெண்ட்ரிக்ஸுக்குப் போட்டியாளர்கள் உண்டு என்பது. 1951-ல் வந்த ‘தி ஆஃப்ரிக்கன் குயின்’ படத்தின் ஒரு பகுதியை ஐல்வொர்த் ஸ்டுடியோவில் எடுத்தார்கள். காட்டுச் சூழலுக்காகக் கொண்டுவந்த கிளிகள் அங்கிருந்து தப்பிவிட்டன என்பது இரண்டாவது கதை. கியூ பக்கம் இருப்பவர்களுக்கு இதில் தனிப் பிரியம். தோட்டத்தின் ஆற்றோரப் பாதையில் நடந்தால் எதிர்க்கரையில் சையன் மாளிகை, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஐல்வொர்த். படத்தின் நாயகன் ஹம்ஃப்ரி போகார்ட்டின் கிளிகள் தேம்ஸைத் தாண்டினால் போதும், கியூதான். மூன்றாவது கதை 1987 அக்டோபர் பெரும்புயல்: பறவைக் கூண்டுகள் உடைந்து கிளிகள் வெளியேறினவாம். அந்தப் புயலில் கியூவே ஏறத்தாழ 700 மரங்களை இழந்தது.

மூன்றையும் சாய்க்க அதிக நேரம் ஆகவில்லை. புயலுக்கு நான்கு ஆண்டு முன்பே, 1983-ல், இந்தக் கிளியை, அதாவது செந்தார்ப் பைங்கிளியை, பிரிட்டனின் அதிகாரபூர்வப் பறவைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். தப்பி வந்து இங்கேயே தானாகப் பெருகி நிலைத்த இனங்களுக்கான பிரிவு அது. ஹெண்ட்ரிக்ஸும் போகார்ட்டும் பிறப்பதற்கு முன்பே, 1855-ல், நார்ஃபோக்கில் இந்தக் கிளி தென்பட்டதாகப் பதிவு இருக்கிறது.

ஆனால் ‘அவர் இல்லை’ என்பது பதிலாகாது. யார் என்று சொல்ல வேண்டுமே.

அதற்கு முயன்றவர் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெ கோம்பர். அவர் எடுத்த கருவி பறவையியலைச் சேர்ந்ததே இல்லை, போலீஸுடையது. தொடர்கொலைகாரன் தன் வீட்டு வாசலிலேயே கைவரிசையைக் காட்டமாட்டான், வெகுதூரமும் போகமாட்டான். குற்றம் நடந்த இடங்களை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால் அவன் எங்கே குடியிருக்கக்கூடும் என்று கணிக்கலாம். வான்கூவர் காவல்துறையில் இருந்த கிம் ரோஸ்மோ வளர்த்தெடுத்த முறை இது. லெ கோம்பர் இதை நோய்களின் பக்கம் திருப்பினார். 1854-ல் சோஹோவில் பரவிய காலராவின் சாவுகளை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தபோது, அன்று மருத்துவர் ஜான் ஸ்நோ குற்றம்சாட்டிய அதே பிராட் தெருத் தண்ணீர்க் குழாயே முதலிடத்தில் வந்தது. அந்தத் தெரு கார்னபி தெருவுக்கு நாலு எட்டு. காலராவின் ஊற்றை அத்தனை சரியாகக் காட்டிய கணக்கு, கிளியின் ஊற்றாகக் கார்னபி தெருவைக் காட்டியதா?

காட்டவில்லை. 1968 முதல் 2014 வரை பிரிட்டனில் கிளி தென்பட்ட பதிவுகளை அவருடைய குழு அலசியது. கார்னபி தெரு, ஐல்வொர்த், இன்னும் பேச்சில் அடிபட்ட மற்ற இடங்கள் எதுவுமே கணக்கில் மேலே வரவில்லை. எங்கோ ஓரிடத்திலிருந்து அல்ல, பல இடங்களிலிருந்து, பல காலங்களில், சிறிது சிறிதாக வெளியேறியவை என்பதே முடிவு. கட்டுரை 2019 டிசம்பரில் வந்தது. லெ கோம்பர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அந்தக் குழு பழைய செய்தித்தாள்களையும் புரட்டியிருக்கிறது. எனக்கு ருசித்த பகுதி அதுதான். 1929–30 குளிர்காலத்தில் கிளிக்காய்ச்சல் உலகச் செய்தியாயிற்று. கூண்டுப் பறவைகளிடமிருந்து நுரையீரலுக்குத் தொற்றும் பாக்டீரியா நோய் அது. அன்று ஆன்டிபயாடிக் மருந்துகள் கிடையாது, பலர் இறந்தார்கள். நாடுகள் அடுத்தடுத்து கிளி இறக்குமதியைத் தடை செய்தன, பிரிட்டன் உட்பட. 1950-களின் தொடக்கத்தில் பயம் மறுபடி தலைகாட்டியது. வரவேற்பறையில் கிளி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் பத்திரிகையைப் பிரித்தால் கிளியால் சாவு என்று செய்தி. கழுத்தைத் திருக மனம் வராது. ஜன்னலைத் திறந்து, கூண்டின் கதவையும் திறந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். இதற்குச் சாட்சி இருக்க வாய்ப்பில்லை; ஆய்வாளர்களும் ஊகம் என்றே சொல்கிறார்கள். ஆனாலும் மூன்று கதைகளையும்விட இதையே நான் நம்புகிறேன். பெயர் இல்லாத நூறு பேர் பயந்துபோய் ரகசியமாகச் செய்த காரியத்தை எந்த வரிசையிலும் யாரும் சுவையாகச் சொல்ல முடியாது. அந்த வெற்றிடத்தில்தான் கிடாரோடு ஹெண்ட்ரிக்ஸ் வந்து நின்றுகொண்டார்.

அத்தையின் கேள்விக்கு இது பாதிப் பதில்தான். கூண்டுக்குள் கிளி வந்தது எங்கிருந்து?

கென்ட் பல்கலைக்கழகத்தின் ஹேசல் ஜாக்சனும் அவர் குழுவினரும் 2015-ல் இதற்கு விடை சொன்னார்கள். ஐரோப்பாவில் திரியும் கிளிகளின் மரபணுவை, அருங்காட்சியகங்களில் பதப்படுத்தி வைத்திருக்கும் பழைய ஆசிய, ஆப்பிரிக்கக் கிளிகளின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். அந்தப் பழைய கிளிகளின் கால் விரலில் துளித் தோல் சுரண்டினால் போதும். அவற்றின் காலில் பிடித்த இடமும் ஆண்டும் எழுதிய சீட்டு கட்டியிருக்கும். ஆர்க்கிட்டுக்கு இருப்பதைப் போல. ஐரோப்பியக் கிளிகள் பெரும்பாலும் பாகிஸ்தானிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வந்தவை என்று தெரிந்தது. ஆப்பிரிக்கக் கிளிகளும் சந்தைக்கு வரத்தான் செய்தன. ஆனால் உறைபனியைப் பிறந்த மண்ணிலேயே பழகிய வடக்கத்திக் கிளிகள்தான் இங்கே வேரூன்றின. 1984-க்கும் 2007-க்கும் இடையில் மட்டும் ஐரோப்பாவுக்குள் கணக்கில் வந்த செந்தார்ப் பைங்கிளிகள் 1,46,000-க்கு மேல். இந்தியா 1990-களின் தொடக்கத்தில் காட்டுப் பறவை ஏற்றுமதியை அறவே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் பறவைக்காய்ச்சல் பயத்தில் 2005-ல் இறக்குமதியை நிறுத்தி, 2007-ல் அதை நிரந்தரமாக்கியது.

தொலைநோக்கியோடு மறுபடி கியூவுக்குப் போனேன். வடக்கத்திக் கிளி, தெற்கத்திக் கிளி என்ற வித்தியாசத்தை மரபணு இல்லாமலும் ஓரளவு பார்க்கலாம். தென்னிந்தியா, இலங்கைக் கிளிக்கு மேல் அலகு சிவப்பு, கீழ் அலகு கறுப்பு. வடக்கத்திக் கிளிக்குக் கீழ் அலகும் சிவப்பு. உடலும் சற்றுப் பெரிது. இத்தனை காலக் கலப்புக்குப் பிறகு அலகை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். என்றாலும் ஏரிக்கரை மரத்தில் ஒரு பொந்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜோடிக்கு இரண்டு அலகும் சிவப்பு. இங்குள்ள மற்ற பறவைகள் கூடு தேடுவதற்கு முன்பே இவை பொந்துகளைப் பிடித்துவிடுகின்றன என்பது பறவை ஆர்வலர்களின் பழைய மனத்தாங்கல்.

அத்தைக்குப் போன் செய்தேன். “அத்தை, அது தஞ்சாவூர்க் கிளி இல்லீங்க. லாகூர் பக்கத்துக் கிளி.”

“எந்த ஊரா இருந்தா என்ன, யாரோ புடிச்சு வித்ததுதானே” என்றார். அவர் சின்ன வயதில் தெருவுக்குத் தெரு கிளி ஜோசியக்காரர் உண்டு, இப்போது காணோம். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தக் கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதே கிளியைக் கூண்டிலிருந்து வெளியே விடுவது குற்றம். இதைச் சொன்னதும் அத்தை சிரித்துவிட்டார்.

“அப்போ ஏற்கெனவே வெளிய இருக்கறதை என்ன பண்ணுவாங்களாம்?”

பயிருக்குக் கடும் சேதம் செய்தால், பொது உரிமத்தின் விதிகளுக்கு உட்பட்டு, நிலத்துக்காரர் சுடலாம் என்று 2010-லிருந்து இங்கிலாந்தில் அனுமதி இருக்கிறது. மற்றபடி யாரும் எதுவும் செய்வதாக இல்லை. அவை இப்போது 12,000 ஜோடிகளாம்.