ரெண்டு வீட்டு நாய்

லொள்... எம்பேரு செவலை. எம்பேரு ப்ரூனோ. ரெண்டும் நாந்தான். குழம்பாதீங்க, சொல்றேன்.

உடன்குடிக்குப் பக்கத்துல, தேரிக்காட்டு ஓரமா ஒரு சின்ன ஊரு நம்மளுது. மணல் மேடு மேடாக் கிடக்கும், நடுவுல பனைமரமா நிக்கும். மணல் செக்கச்செவேல்னு இருக்குன்னு வர்றவங்க எல்லாம் போட்டோ எடுக்குறாங்க. எனக்கு அது தெரியாது. நாய்க் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் ஒழுங்காத் தெரியும், சிவப்பெல்லாம் ஒரு மாதிரி மங்கல்தான். ஆனா செவலைன்னு பேர் வெச்சிருக்கிறதால நானும் அந்த மணல் நிறம்னு ஒரு அனுமானம். அந்த மேட்டுல போய்ப் படுத்துக்கிட்டா யாருக்கும் என்னைத் தெரியாது. கோழிக்கும் தெரியாது. சரி வேணாம், அது பழைய கதை.

செவலைன்னு பேர் வெச்சது ஆச்சி. கண்ணு திறந்து கொஞ்ச நாள்லயே யாரோ கொண்டுவந்து விட்ட என்னைப் பனங்காட்டுல இருந்து முந்தானையில சுத்தித் தூக்கிட்டு வந்தவங்க. ப்ரூனோன்னு பேர் வெச்சது அம்மா. அவங்களும் அப்பாவும் ரிட்டயர் ஆனதும் 2018-ல சென்னையைக் காலி பண்ணிட்டு அப்பாவோட பூர்வீக வீட்டுக்கு வந்தாங்க. ஆச்சி வீடு பள்ளத்துல. அம்மா வீடு மேட்டுல. நடுவுல ஒரு முள்வேலி, அதுல என் சைஸுக்கு ஒரு ஓட்டை. காலையில ஆறு மணிக்கு ஆச்சி வீட்டுல பழைய சோறு. எட்டு மணிக்கு அம்மா வீட்டுல இட்லி. ரெண்டு பேருக்கும் வாலாட்டுவேன். ரெண்டு ரேஷன் கார்டு வெச்சிருக்கிற குடும்பம் மாதிரின்னு அப்பா சொல்லுவார். சொல்லிட்டுப் போகட்டும்.

அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. வந்த புதுசுல ஒயர் கூடைதான். சிவன் கண், நெல்லிக்காய்னு முடிச்சுக்கு முடிச்சு பேர் சொல்லிட்டே பின்னுவாங்க. தெருவுல ஆளுக்கொரு கூடை குடுத்தாச்சு, பாதி பேர் தேங்கா நாரு போட்டு வெச்சிருக்காங்க. ஒருநாள் ஆச்சிக்கும் ஒண்ணு கொண்டுபோய்க் குடுத்தாங்க. ஆச்சி திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா. ஆனா ஒண்ணு... இதை மாடு தின்னா மாடு செத்துப் போவும். எம் பெட்டிய மாடு தின்னா பால் குடுக்கும்"னாங்க. அம்மா முகத்தைப் பார்க்கணுமே!

ஆச்சியோட தொழில் ஓலைப்பெட்டி. தொழில்னு சொல்றதா, மூச்சு விடுறதுன்னு சொல்றதான்னு தெரியல. பேசிக்கிட்டே கை பின்னும், திட்டிக்கிட்டே பின்னும், ஒரு தடவை தூங்கிக்கிட்டே பின்னினதையும் நான் பார்த்திருக்கேன். இதுக்கு மரத்து உச்சியில விரியாம நிக்குமே குருத்தோலை, அதுதான் வேணும். பனையேறி வெட்டிக் குடுப்பார். வெயில்ல காய வெச்சா பச்சை போய் வெளுத்து வரும். அப்புறம் ஈர்க்கை உரிச்சு எடுத்துட்டு, சின்னக் கத்தியால ஒரே அகலத்துக்கு வாரணும். வாரின ஓலையில கொஞ்சம் ஈரம் இருக்கணும், இல்லன்னா மடக்கும்போது படக்குனு ஒடிஞ்சிரும். கொஞ்சத்தைச் சாயத் தண்ணியில போட்டுக் கொதிக்க வைப்பாங்க. அது என்ன கலர்னு எங்கிட்ட கேக்காதீங்க. எனக்கு வாசம்தான். காயுற ஓலைக்கு ஒரு வாசம் உண்டு, வைக்கோலும் இல்லாம பாலும் இல்லாம நடுவுல ஒண்ணு. ஆச்சி சேலையில, கையில, வெத்தலைப் பெட்டியில எல்லாம் அந்த வாசம்தான். கண்ணை மூடிக்கிட்டே ஆச்சி எங்க இருக்காங்கன்னு சொல்லிருவேன்.

பழைய காலத்துல உடன்குடிக் கருப்பட்டியே இப்படி ஓலைப்பெட்டியிலதான் ஊர் ஊராப் போச்சாம். (அந்தக் கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சதுன்னு அப்பா பேப்பர்ல படிச்சுக் காட்டினார். ஆச்சி, "அதை நக்கிப் பாத்தாலே தெரியுமே"ன்னுட்டாங்க. நானும் நக்கிப் பாத்திருக்கேன், சரிதான்.) பாலித்தீன் வந்ததும் பெட்டி படுத்துருச்சு. 2019 ஜனவரியில தமிழ்நாட்டுல ஒருதடவை தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது பாருங்க, அதுக்கப்புறம் ஆச்சியைத் தேடி ஆள் வர ஆரம்பிச்சாங்க. கல்யாணத்துக்குத் தாம்பூலப் பெட்டி, கொலுவுக்கு சுண்டல் பெட்டின்னு. அப்பதான் அம்மாவும் ஒயரை ஓரமா வெச்சுட்டு ஆச்சி திண்ணையில போய் உட்கார்ந்தாங்க.

ஒரு வருஷம் கத்துக்கிட்டும் அம்மாவுக்கு மூடி வரல. அடி வந்துச்சு, மூலை திருப்ப வந்துச்சு, ஓரம் கட்ட வந்துச்சு. மூடி மட்டும் வரல. பெட்டியை விட ஒரு நூல் பெரிசா இருக்கணுமாம். அம்மா போடுற மூடி ஒண்ணு ஏறாது, இல்ல தொப்பி மாதிரி கழண்டு விழும். விழுறது எல்லாம் எனக்கு. கடிச்சுப் பிச்சுப் போட நல்லா இருக்கும். பெட்டியெல்லாம் சுந்தரிக்கு. சுந்தரின்னா அம்மா வீட்டுப் பூனை. ஒரு பெட்டி தரையில இருந்தா உள்ள ஏறி உட்காராம அதுக்கு இருக்க முடியாது. இத்தனைக்கும் அது சைஸுக்கும் பெட்டி சைஸுக்கும் சம்பந்தமே இருக்காது.

இப்ப அந்த மழையைச் சொல்லணும்.

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. ஆச்சி வீட்டுல தை மாசக் கல்யாணத்துக்கு நூறு பெட்டி ஆர்டர். முன்பணம் வாங்கியாச்சு, அறுபது முடிஞ்சு மூலையில அடுக்கி இருக்கு, மீதிக்கு ஓலை கட்டி வெச்சிருக்கு. காலையிலேயே பிடிச்ச மழை விடவே இல்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சுன்னு பிற்பாடு சொன்னாங்க. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்துல அப்படியே நின்னுருச்சு. எவ்வளவு மழையையும் குடிச்சிர்ற தேரி மண்ணே குடிக்க மாட்டேன்னு சொல்லிட்டா நாங்க என்ன செய்ய?

ராத்திரி ஆச்சி வீட்டுத் திண்ணையில ஏறின தண்ணி வாசப்படியைத் தொட்டுச்சு. ஆச்சிக்குக் காது மந்தம், உள்ள தூங்குறாங்க. நான் குரைச்சேன், கதவைப் பிறாண்டினேன். எழுந்திருக்கல. வேலி ஓட்டை வழியா நீந்தாத குறையா மேட்டுக்கு ஓடி அம்மா வீட்டுக் கதவுல கத்தினேன். அம்மாவும் அப்பாவும் டார்ச் எடுத்துட்டு, பக்கத்து வீட்டுப் பசங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போய் ஆச்சியைத் தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டு வெள்ளாடும் வந்துச்சு. கோழியில ஏழு வந்துச்சு, நாலு வரல.

நான்தான் ஆச்சியைக் காப்பாத்தினேன்னு அம்மா இன்னிக்கும் வர்றவங்க எல்லாருக்கும் சொல்றாங்க. உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு இடின்னா உயிர் நடுங்கும். இடி இடிச்சா ஆச்சி கட்டிலுக்கு அடியில போய்த்தான் படுப்பேன். அன்னிக்குக் கதவு சாத்தியிருந்துச்சு. என்னை உள்ள விடச் சொல்லித்தான் கத்தினேன். அங்க திறக்கலைன்னதும் இந்த வீட்டுக்கு வந்து கத்தினேன். அவ்வளவுதான். பிஸ்கட் குடுக்குறாங்களேன்னு சும்மா இருக்கேன்.

தண்ணி வடிய மூணு நாள் ஆச்சு. கரண்டும் இல்ல, போனும் இல்ல. ஆச்சி வீட்டுக்குள்ள முழங்கால் அளவு சேறு. அறுபது பெட்டியும் ஊறிப்போய், ரெண்டே நாள்ல பூஞ்சணம் பிடிச்சு, அந்த ஓலை வாசமே மாறிப் போச்சு. நான் மோந்து பார்த்துட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். ஆச்சி அழல. ஒவ்வொண்ணா எடுத்து வெயில்ல வெச்சுப் பார்த்துட்டு, குப்பையில போட்டுட்டு, "முன்பணம் வாங்கியாச்சே"ன்னாங்க. அதை மட்டும் நாலஞ்சு தடவை சொன்னாங்க.

ரோடு திறந்ததும் கோயம்புத்தூர்ல இருந்து ஆச்சி மகன் வந்தார். நல்ல மனுஷன்தான், எப்ப வந்தாலும் எனக்கு பன் வாங்கிட்டு வருவார். "இனிமே உன்னை இங்க தனியா விட மாட்டேன்"னுட்டார். சேறு அள்ளி, சுவரைக் கழுவி எல்லாம் செஞ்சவர் அந்த ஒரு விஷயத்துல மட்டும் இறங்கி வரல. ஆச்சி ரெண்டே கேள்வி கேட்டாங்க. ஒண்ணு, "நூறு பெட்டி முடிச்சிட்டு வாரனே?" அதுக்குச் சரின்னார். ரெண்டாவது, "செவலையை என்ன செய்ய?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாலாட்டினேன். மூணாவது மாடி, வாடகை வீடு, நாய் கூடாதுன்னு வீட்டுக்காரர் சொல்லியிருக்கார். அவர் ஒண்ணும் சொல்லாம வெளிய போய் நின்னுட்டார். ஆச்சியும் அப்புறம் கேக்கல.

அந்த மார்கழி முழுக்க திண்ணையில ரெண்டு பேரும் உட்கார்ந்து பின்னினாங்க. வெயில் சரியா இல்ல, குருத்து காயவே நேரம் எடுத்துச்சு. அம்மா வீட்டு மொட்டை மாடியில காய வெச்சு, சாயங்காலம் மழை இருட்டினா அப்பா ஓடி ஓடி அள்ளினார். ஆச்சி மூடி, அம்மா பெட்டின்னு வேலையைப் பிரிச்சுக்கிட்டாங்க. காலையில ஆரம்பிச்சா ராத்திரி சீரியல் நேரம் வரைக்கும். சாப்பாடு அம்மா வீட்டுல இருந்து வந்துரும். எனக்கு அது நல்ல காலம். ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்காங்க, ஓட்டைக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு போக வேண்டாம். இது ஏன்னு எனக்கு எப்படித் தெரியும்? இனிமே எப்பவும் இப்படித்தான்னு நினைச்சுட்டேன்.

பொங்கல் கழிஞ்சு கார் வந்துச்சு. ஆச்சி பெருசா ஒண்ணும் பேசல. ஓலை வாருற கத்தியை அம்மா கையில குடுத்து, "மழையில போடாத, துருப்பிடிச்சிரும்"னாங்க. அப்புறம், "அது ராத்திரி வெறுஞ்சோறு திங்காது. கொஞ்சம் கருவாட்டுத் தண்ணி ஊத்தணும்"னாங்க. அம்மா சைவம்ங்க! தலையை மட்டும் ஆட்டினாங்க. காரு பின்னாடி எங்க ஊர்ப் பெரிய ஆலமரம் வரைக்கும் ஓடினேன். அதுக்கு மேல அடுத்த தெரு நாய்ங்க எல்லை.

திரும்பி வந்து ஆச்சி திண்ணையில படுத்தவன்தான். இட்லி வந்துச்சு, போகல. ப்ரூனோன்னு கூப்பிட்டாங்க, போகல. ப்ரூனோ அந்த வீட்டு நாய், இந்தத் திண்ணையில கிடக்கிறவன் செவலை. நாலு நாள் அப்படியே. அஞ்சாவது நாள் அம்மா ஓலைக்கட்டு, கத்தி, தண்ணிச் சொம்பு எல்லாத்தையும் தூக்கிட்டு வேலி சுத்தி வந்தாங்க. ஒண்ணும் சொல்லல. ஆச்சி சாஞ்சு உட்கார்ற தூண்லயே சாஞ்சு உட்கார்ந்து, கத்தியை எடுத்து ஓலை வார ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நேரத்துல அந்த வாசம் வந்துச்சு. நான் எழுந்து போய் அவங்க கால்மாட்டுல படுத்தேன். அன்னிக்கு ராத்திரி சோத்துல கருவாட்டு வாசம் அடிச்சுது. அப்பா பக்கத்து வீட்டுல கெஞ்சி வாங்கிட்டு வந்தாராம், அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு ஊத்தினாங்க. இப்பவும் அப்படித்தான்.

இன்னிக்கும் அம்மா பெட்டி போடுறது ஆச்சி திண்ணையிலதான். மகன் சாவியைக் குடுத்துட்டுப் போயிருக்கார், வாரம் ஒருக்க கூட்டித் துடைக்கணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன்ல ஆச்சி வருவாங்க. "ஏல செவலை, கெடக்கியால?"ன்னு குரல் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளாது. போனுக்குப் பின்னாடி போய்ப் பார்ப்பேன், திண்ணைக்கு அடியில பார்ப்பேன், பூட்டின கதவை மோந்து பார்ப்பேன். குரல் இருக்கு, வாசம் இல்ல. அது எப்படின்னு எனக்கு இன்னும் பிடிபடல.

போன வாரம் அம்மா புதுப் பெட்டியைப் போன்ல காட்டினாங்க. ஆச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாங்க.

"மூடியைப் போட்டுக் காட்டு."

போட்டாங்க.

"கவுத்துக் காட்டு."

கவுத்தாங்க. மூடி கழண்டு நேரா என் முன்னாடி விழுந்துச்சு.

"அவுத்துட்டு மறுபடி போடு டீச்சரம்மா. ஏல, நீ அதைக் கடிக்காத!"

லேட் ஆச்சி. கடிச்சாச்சு.